பேச்சின் ஏற்பாடு: தொடர்பியல் படிப்பும் அன்றாட வாழ்க்கையும்

கல்லூரிகளில் தொடர்பியல் என்ற பெயரில் நடத்தப்படும் பாடம் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது. ஒன்று மேடைப் பேச்சுப் பயிற்சி. அமெரிக்காவில் ஆங்கில ஆசிரியர்களின் அமைப்புக்குள் இருந்த பேச்சுப் பயிற்சி ஆசிரியர்கள் 17 பேர், இலக்கியம் நடத்துபவர்களின் நிழலில் இருக்கப் பிடிக்காமல் 1914இல் பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். மற்றொன்று வானொலியும் போர்க்காலப் பிரசாரமும் எழுப்பிய கேள்விகள். ஒரு செய்தி எத்தனை பேரைச் சென்றடைகிறது, அடைந்தபின் அவர்களை என்ன செய்கிறது என்று அரசுகளும் விளம்பரதாரர்களும் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். வில்பர் ஷ்ராம் 1947இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கல்வித்துறை அந்தஸ்தைக் கொடுத்தது. இந்தியாவுக்குப் பாடம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியாகவே வந்தது. டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் தொடங்கப்பட்டது 1965இல். தமிழ்நாட்டில் ‘விஸ்காம்’ சேரும் மாணவர்களின் கண் கேமரா மீதும் எடிட்டிங் அறை மீதும்தான் இருக்கிறது. பத்திரிகை, சினிமா, விளம்பரம் என்று போகும் பாடங்களுக்கு நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துபோகிற பகுதி அது. வேலைக்குப் போனபின், குடும்பம் என்று ஆனபின் அதிகம் பயன்படுவதும் அதுதான்.

அந்தப் பகுதியின் கோட்பாடுகளில் பல ஒரே பக்கம் சாய்கின்றன. திமிர் பிடித்தவர், வாயாடி, அமுக்கன், எடுத்தெறிந்து பேசுகிறவர் என்று மனிதர்களின் குணமாக ஊர் முடிவுகட்டும் பலவும், பேச்சு நடக்கும் ஏற்பாட்டிலிருந்து பிறப்பவை என்று அவை காட்டுகின்றன. பிறர் நடந்துகொள்ளும் விதத்துக்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணமாகக் காணும் சாய்வுக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977இல் ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்று பெயர் வைத்தார். தொடர்பியல் அந்தப் பிழையைப் பேச்சின் நுணுக்கங்களுக்குள் தேடிப் போகிறது.

பாடநூல்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம் ஒரு பொறியாளர் போட்ட படம். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட கட்டுரையில் அனுப்புநர், தடம், இரைச்சல், பெறுநர் என்று ஒரு கோட்டில் வரைந்து காட்டினார். அவருடைய கவலை தொலைபேசிக் கம்பி. கம்பியில் போகும் செய்திக்குப் பொருள் என்ன என்பது பொறியியல் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாதது என்று அவரே ஒதுக்கி வைத்திருந்தார். அடுத்த ஆண்டே வாரன் வீவர் அந்தப் படத்தை மனிதப் பேச்சுக்கும் நீட்டினார். வகுப்பறைக் கரும்பலகையை விட்டு அது இன்றுவரை இறங்கவில்லை. மனிதப் பேச்சுக்கு அது பொருந்தாத படம். சொல்வதைப் பார்சல் அனுப்புவதுபோல எண்ண வைத்துவிடுகிறது. அனுப்பியாயிற்று, இனி என் பொறுப்பு முடிந்தது என்று. அலுவலகங்களில் “நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்று தொடங்கும் தகராறுகளுக்குப் பின்னால் இந்த எண்ணம்தான் இருக்கிறது.

சொல்பவருக்குத் தெளிவாக இருப்பது கேட்பவருக்கும் தெளிவாக இருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதை எலிசபெத் நியூட்டன் 1990இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த சோதனை காட்டியது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை மனதுக்குள் பாடிக்கொண்டே மேசையில் தாளம் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு மெட்டு, பின்னணி இசை எல்லாம் உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவர் காதில் விழுவது வெறும் டொக் டொக்.

ஷானனின் படத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் கலிஃபோர்னியாவில் குடும்பச் சிகிச்சை ஆய்வில் ஈடுபட்டிருந்த பால் வாட்ஸ்லாவிக்கும் அவருடைய சகாக்களும். 1967இல் வெளிவந்த அவர்களுடைய நூலின்படி ஒவ்வொரு பேச்சிலும் இரண்டு தளங்கள் உண்டு: சொல்லப்படும் விஷயம் ஒன்று, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் என்ன உறவு என்ற அறிவிப்பு இன்னொன்று. பேசாமல் இருப்பதும் அந்த இரண்டாம் தளத்தில் பேச்சுதான். வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீல டிக்கைக் கொண்டுவந்த பிறகு இதை விளக்க ஆசிரியருக்கு உதாரணம் தேட வேண்டியிருப்பதில்லை. படித்துவிட்டுப் பதில் போடாதவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னது என்ன என்று அனுப்பியவர் ராத்திரி முழுக்க யோசிக்கிறார். மிஸ்டு கால் இன்னும் பழைய கதை. ‘வந்துட்டேன், கீழே நிக்கிறேன்’, ‘நீயே கூப்பிடு, என்கிட்ட காசில்லை’, ‘சும்மாதான், ஞாபகம் வந்தது’ என்று பைசா செலவில்லாமல் பல செய்திகளை அது சுமந்தது. ருவாண்டா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளில் இதே வழக்கத்தை ஆராய்ந்த ஜோனத்தன் டானர், யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்பதற்கும் எழுதாத விதிகள் இருப்பதை 2007இல் எழுதினார். வசதியுள்ளவர்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இந்தியாவிலும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

அதே நூலில் இருக்கும் இன்னொரு கருத்து வீட்டுச் சண்டைகளுக்கு நேராகப் பொருந்துவது. அப்பா கத்துகிறார், அதனால் நான் பேசுவதில்லை என்கிறான் மகன். அவன் பேசுவதே இல்லை, அதனால்தான் கத்துகிறேன் என்கிறார் அப்பா. இருவரும் ஒரே வட்டத்தைத்தான் விவரிக்கிறார்கள்; எங்கே தொடங்கியது என்பதில் மட்டும் வேறுபடுகிறார்கள். வட்டத்துக்கு முதல் புள்ளி கிடையாது என்பதால் யார்மேல் தப்பு என்ற விசாரணை முடிவதே இல்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1923இல், மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுகளின் அனுபவத்தை வைத்து, செய்தி எதையும் சொல்லாமல் உறவை மட்டும் ஊட்டிவளர்க்கும் பேச்சு என்ற வகையைப் பிரித்துக் காட்டியிருந்தார். “சாப்பிட்டாச்சா?”, “என்ன, கிளம்பியாச்சா?” என்ற விசாரிப்புகள் இதில் அடங்கும். பதில் தெரிந்துகொள்வதற்காக யாரும் இவற்றைக் கேட்பதில்லை. கேட்காமல் போனால்தான் பிரச்சினை.

பாடத்தின் செழுமையான பகுதி உரையாடல் பகுப்பாய்வு. அதைத் தொடங்கிவைத்த ஹார்வி சாக்ஸ், 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளை வரிவரியாகக் கேட்டார். அன்றாடப் பேச்சு கந்தலானது, ஒழுங்கற்றது, ஆராயத் தகுதியற்றது என்று மொழியியலே நினைத்திருந்த காலம். அதில் எங்கே தொட்டாலும் ஒழுங்கு இருக்கிறது என்பது சாக்ஸின் கண்டுபிடிப்பு. அவருடைய சகா இமானுவேல் ஷெக்லாஃப், காவல் துறை ஒன்றின் சுமார் 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். போனை எடுப்பவரே முதலில் பேசுகிறார் என்று ஒரு விதி வகுத்தார். ஒரே ஓர் அழைப்பு அதற்கு அடங்கவில்லை. அதில் போனை எடுத்தவர் ஒரு விநாடி சும்மா இருந்தார். கூப்பிட்டவர்தான் “ஹலோ” என்றார். விதிவிலக்கு என்று அதை ஒதுக்காமல் ஷெக்லாஃப் தன் விதியையே திருத்தி எழுதினார், கட்டுரை 1968இல் வெளிவந்தது. மணி அடிப்பதே முதல் பேச்சு, அது ஒரு கூப்பாடு. எடுப்பவர் சொல்லும் ஹலோ அதற்குப் பதில். பதில் வராததால் கூப்பிட்டவர் மறுபடி கூவுகிறார், அவ்வளவுதான். செல்போன் திரையில் பெயர் தெரியத் தொடங்கியபின் தமிழர்கள் ஹலோவையும் தாண்டிவிட்டார்கள். எடுத்தவுடனே “சொல்லு” அல்லது “சொல்லுங்க” என்கிறார்கள். யார் கூப்பிடுவது, அவருக்கு எவ்வளவு மரியாதை, விஷயத்துக்கு நேராக வரலாம் என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடுகின்றன.

போனை வைப்பது எடுப்பதைவிடச் சிக்கலானது. திடீரென்று வைத்தால் கோபம் என்று பொருள்படும். எனவே இருவரும் சேர்ந்து கதவை மெல்லச் சாத்துகிறார்கள் என்று ஷெக்லாஃபும் சாக்ஸும் 1973இல் காட்டினார்கள். “அப்புறம்?”, “வேற ஒண்ணுமில்ல”, “சரி அப்ப”, “சரி, வெச்சுடவா?” என்று இறங்கும் படிகளில் ஒவ்வொன்றிலும், சொல்ல மறந்த விஷயத்தை எடுத்துப் போட எதிராளிக்கு ஒரு வாய்ப்பு தரப்படுகிறது. கடன் கேட்க வந்தவர் பெரும்பாலும் இந்தப் படிகளில்தான் வாயைத் திறப்பார்.

சாக்ஸ், ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் மூவரும் 1974இல் எழுதிய கட்டுரை, பேச்சில் முறை எப்படிக் கைமாறுகிறது என்பதை விளக்கியது. 2009இல் பத்து மொழிகளில் கேள்வி–பதில் இடைவெளியை அளந்த ஒரு குழு, அது சராசரியாகச் சுமார் 200 மில்லிவிநாடி என்று கண்டது. ஜப்பானியத்தில் 7, டேனிஷில் 469. ஒரு சொல்லை யோசித்து வாயில் கொண்டுவரவே இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும் என்பதால், கேட்பவர் எதிராளி முடிக்கும் முன்பே பதிலைத் தயார் செய்கிறார் என்றாகிறது. இவ்வளவு நெருக்கமான அளவில் ஓடும் இயந்திரத்தில் சிறு தாமதமும் பேசத் தொடங்கிவிடுகிறது. “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றீங்களா?” என்ற கேள்விக்கு “வர்றேனே” சட்டென்று வரும். மறுப்பு அப்படி வராது, ஒரு இழுவை, ஒரு “வந்து...”, ஒரு காரணம், கடைசியில் ஒரு “பாக்கலாம்”. அந்த இழுவையைக் கேட்டவுடனே கூப்பிட்டவர் “பரவால்ல, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்” என்று தானே பின்வாங்குகிறார். ‘இல்லை’ என்ற சொல் கடைசிவரை வெளியே வருவதில்லை.

இடைவெளியின் அளவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லாதபோது அது குணமாகப் படிக்கப்படுகிறது. டெபரா டானென் 1978ஆம் ஆண்டு நன்றியறிதல் நாள் விருந்து ஒன்றைப் பதிவுசெய்து, அந்த ஒரே சாப்பாட்டு மேசையை வைத்து 1984இல் ஒரு நூல் எழுதினார். நியூயார்க்கில் வளர்ந்தவர்கள் அடுத்தவர் பேச்சின் மேலேயே ஏறிப் பேசினார்கள். அவர்களுக்கு அது ஆர்வத்தின் அடையாளம். கலிஃபோர்னியாக்காரர்கள் ஓர் இடைவெளிக்காகக் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை. பேச விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு தரப்பும், வாயே திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்று மறு தரப்பும் எழுந்து போக, வித்தியாசம் ஒரு விநாடியின் சிறு பகுதியில்தான் இருந்தது.

காதில் சரியாக விழாதபோது “என்ன?”, “ஆங்?” என்று நிறுத்திக் கேட்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதி. பன்னிரண்டு மொழிகளை ஒப்பிட்ட மார்க் டிங்கமான்ஸ் குழு, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பேச்சை நிறுத்திச் சரிசெய்துகொள்கிறார் என்று 2015இல் தெரிவித்தது. புரியாமல் போவது பேச்சுக்கு நேரும் விபத்து என்ற எண்ணத்துக்கு இது அவ்வளவாக இடம் தருவதில்லை.

மரியாதையைப் பற்றிய பகுதியில் தமிழ் நேரடியாக வருகிறது. தமிழ்நாட்டு வகுப்புகளில் இதை யாராவது சுட்டிக்காட்டுகிறார்களா என்பது வேறு விஷயம். எர்விங் காஃப்மன் 1955இல் எழுதிய கட்டுரை, பிறர் முன் ஒருவர் காத்துக்கொள்ளும் முகத்தைப் பற்றியது. அதை எடுத்துக்கொண்டு பெனலப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் ஒரு பொதுக் கோட்பாடு கட்டினார்கள். 1978இல் முதலில் வெளிவந்து 1987இல் தனி நூலானது. அவர்கள் சான்றாக எடுத்த மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்ஸிகோவின் செல்டால், கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழ். லெவின்சன் அந்தக் கிராமத்தில் தங்கிக் களப்பணி செய்தவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு விதமான முகம் உண்டு என்பது அவர்கள் வாதம்: பிறர் தன்னை ஏற்க வேண்டும் என்ற விருப்பம் ஒன்று, யாரும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விருப்பம் மற்றொன்று. ஒன்றைக் கேட்பது, குறை சொல்வது, மறுப்பது எல்லாம் இந்த முகங்களைச் சீண்டுகின்றன. சீண்டலின் எடையைத் தீர்மானிப்பவை இருவருக்கும் உள்ள இடைவெளி, எதிராளிக்குத் தன்மேல் உள்ள அதிகாரம், கேட்கும் விஷயத்தின் கனம்.

டவுன் பஸ்ஸில் ஏறும் ஒருவர் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்ணிடம் “அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்” என்கிறார். ‘அக்கா’ இடைவெளியைக் குறைத்து உறவாக்குகிறது. ‘கொஞ்சம்’ கோரிக்கையைச் சிறியதாக்குகிறது. ‘ங்க’ மரியாதை. ‘ஏன்’ விகுதி கட்டளையைக் கெஞ்சலாக்குகிறது. நான்கு சொற்களுக்குள் இத்தனை காப்பு. விருந்தாளி வீட்டில் நடப்பதும் இதே கணக்கு. காபி வேண்டுமா என்றால் “வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோம்” என்பது முதல் பதில். “அரை டம்ளர்தான்” என்று வற்புறுத்தியபின்தான் காபி வரும். முதல் மறுப்பை அப்படியே நம்பி உள்ளே போகாதவரை ஊர் கஞ்சன் என்று சொல்லிவிடும். நம்பியது அவர் செய்த குற்றம்.

ஒரே மொழி பேசும்போதும் பழக்கம் வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட கதை ஜான் கம்பர்ஸ் 1982இல் எழுதியது. பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முகம்கொடுத்துப் பேசுவதில்லை, ஒத்துழைப்பதில்லை என்று புகார் வந்தது. அவர்கள் பேசும் சொற்களே மிகக் குறைவு. இறைச்சி எடுத்த ஒருவரிடம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்க ஆங்கிலேயப் பெண் “கிரேவி?” என்று குரலை உயர்த்துவார். ஆசியப் பெண்கள் அதே சொல்லைக் குரல் இறக்கி “கிரேவி” என்றார்கள். ஆங்கிலேயக் காதுக்கு அது கேள்வியாகப் படவில்லை. இது கிரேவி, வேண்டுமென்றால் வாங்கு என்பதுபோல் கேட்டது. அந்தப் பெண்களுக்கோ அதுதான் கேள்வி கேட்கும் இயல்பான முறை. பதிவைப் போட்டுக் காட்டிப் பேசியபின், தங்களைப் பற்றிய எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கும், எரிச்சல்பட்டவர்களுக்கும் ஒருசேரத் தெரிந்தது.

உடல்மொழிப் பாடத்தில் சரக்கைவிட விளம்பரம் அதிகம். எட்வர்ட் ஹால் 1966இல் நெருக்க இடைவெளி 45 செ.மீ. வரை, தனிப்பட்ட இடைவெளி 1.2 மீட்டர் வரை என்று அளவு கொடுத்தார். அவர் பார்த்தது அமெரிக்க வடகிழக்குக் கரையோரத்து நடுத்தர வர்க்கத்தை என்பதை அவரே எழுதியிருக்கிறார். காலை எட்டரை மணி மாநகரப் பேருந்து அவர் கணக்கில் கிடையாது. இன்னும் மோசம், தொடர்பில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று ஆளுமைப் பயிற்சி முகாம்களில் திரையிடப்படும் கணக்கு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த இரு சோதனைகளிலிருந்து பிறந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியிலும் முகபாவத்தோடும் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கப்பட்டது. உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு செல்லாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். 93 சதவீதம் சொல்லில்லாமலே புரியும் என்றால் வேற்றுமொழிப் படத்துக்கு யாரும் சப்டைட்டில் தேட மாட்டார்கள்.

இருவர் பேச்சிலிருந்து ஊர்ப் பேச்சுக்கு வரும்போது பாடம் வதந்தியைத் தொடுகிறது. 1934 ஜனவரி 15 அன்று நடந்த பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டி 1935இல் வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் காணாத பகுதி மக்களிடம், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சு பரவியிருந்தது. தப்பித்தவர்கள் ஏன் மேலும் பயமுறுத்தும் கதையை விரும்ப வேண்டும் என்ற புதிர் லியோன் ஃபெஸ்டிங்கரின் 1957ஆம் ஆண்டுக் கோட்பாட்டுக்கு வித்தாயிற்று. பயம் முன்பே வந்துவிட்டது, அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வதந்தி அந்தக் காரணத்தைக் கொடுத்தது என்று அவர் விளக்கினார். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் வந்த செய்தி ஒன்றை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி செய்தது. பரவும் வேகத்தைத்தான் அது குறைக்கும். பயத்துக்குக் காரணம் தேடும் மனதைப் பற்றி பிரசாத்தின் ஆய்வு சொல்வது அப்படியே இருக்கிறது.

இந்தப் பாடத்தின் மேல் உள்ள விமர்சனங்களும் பாடத்துக்குள்ளேயே கற்பிக்கப்படுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர் சச்சிகோ இடே 1989இல் பிரவுன்–லெவின்சன் கோட்பாட்டை மறுத்து, மரியாதைச் சொல் எப்போதும் பேசுபவர் தேர்ந்தெடுக்கும் உத்தி அல்ல, பல மொழிகளில் அது இடமறிந்து கட்டாயமாகச் செலுத்த வேண்டியது என்றார். தமிழிலும் ஆசிரியரை ‘நீங்க’ என்பது யாரும் கணக்குப் போட்டுச் செய்வதில்லை. கம்பர்ஸின் மேல் வந்த குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது. உணவகப் பெண்கள் மேல் இருந்த எரிச்சலை முழுக்கக் குரலின் ஏற்ற இறக்கத்தில் வைத்துவிட்டால், இனவெறிக்கு எங்கே இடம் என்று கேட்டார்கள். குணத்திலிருந்து ஏற்பாட்டுக்குப் பழியை மாற்றும் பாடம், அந்த ஏற்பாட்டை யார் செய்தது என்ற கேள்வியைப் பெரும்பாலும் சமூகவியலுக்குத் தள்ளிவிடுகிறது என்பது நியாயமான குறைதான்.

பிரவுன்–லெவின்சன் சூத்திரத்தில் அதிகாரம் ஓர் எண்ணாக நிற்கிறது. அந்த எண் எப்படி மாறும் என்று சூத்திரம் சொல்வதில்லை. லெவின்சன் பார்த்த கிராமத்தில் யார் யாரை ‘நீ’ என்பது, யார் ‘நீங்க’ளைத் திருப்பிப் பெறுவது என்பதைச் சாதி வகுத்துவைத்திருந்தது. தமிழ்நாட்டில் அழைப்பு முறைகள் மாறிய இடங்களில் அரசியல்தான் அவற்றை மாற்றியது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அண்ணா முதல்வரானபின் அரசு வழக்கில் ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்தது. இன்று பெரும்பாலோர் பெயரில் பட்டம் இல்லை, முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கிறது. வாய்ப்பேச்சு அந்த அளவுக்கு மாறவில்லை. காவல் நிலையத்திலும் அரசு அலுவலகத்தின் கவுன்ட்டரிலும், எதிரே நிற்பவரின் உடையையும் ஊரையும் பார்த்த பிறகுதான் ‘நீ’யா ‘நீங்க’ளா என்பது இன்னும் பல இடங்களில் முடிவாகிறது.